நாற்பது அங்குலம்

6 ஜூலை 2025

மோகன்ராஜ் வீட்டார் முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டார்கள். அரக்கு நிறம். ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டிலேயே தைத்துத் தருவார்களாம். அவர் தங்கை சோனியா அளவு ஜாக்கெட் கேட்டு வந்திருக்கிறாள். நான் ஷிப்டில் இருந்தேன். அம்மா ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் அறுபது நாள்.

9 ஜூலை

பீரோவில் என் அளவு ஜாக்கெட் அப்படியே இருக்கிறது. அப்படியானால் அம்மா கொடுத்தது எது?

10 ஜூலை

என் தங்கை ஸ்நேகாவுடையது! கேட்டால் அம்மா கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறாள்: "ரெண்டு மாசம் இருக்குதுல்ல, எளைச்சுட மாட்டியா? அந்தப் பொண்ணு கையில உன் ஜாக்கெட்ட குடுக்க எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. இப்பல்லாம் கல்யாணப் பொண்ணுங்க எப்டி வந்து நிக்கிறாளுங்க, போன்ல பாக்கற இல்ல?"

ஸ்நேகாவின் அளவு முப்பத்திரண்டு. எனக்கு நாற்பது. எட்டு அங்குலத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

கோபம் கோபமாக வருகிறது. ஆனாலும் ராத்திரி சோறு வேண்டாம் என்றது நான்தான். ஏன் சொன்னேன்?

21 ஜூலை

பதினோரு நாளாக ஓட்ஸ் கஞ்சி. முன்பெல்லாம் கண்ணாடியில் பொட்டு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இப்போது முதலில் கையைத்தான் பார்க்கிறேன்.

24 ஜூலை

கம்பெனியில் பிரஸ் மிஷின் முன்னால் கண் இருட்டிவிட்டது. தகடு வைத்த கையை எடுத்தேனா இல்லையா — தெரியவில்லை. சென்சார் இருந்ததால் மிஷின் நின்றது. பக்கத்து மிஷின் சரவணகுமார் அண்ணன் ஓடி வந்து உட்கார வைத்தார். "இன்னா பூமிகா, நாஷ்டா துன்னியா இல்லியா?"

கேன்டீனில் உட்கார்ந்து விரல்களை எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தன. ஒரு ஜாக்கெட்டுக்காகவா இதெல்லாம்? ஆறு வருஷமாக இரும்புத் தகடு தூக்கும் கை தடித்துத்தான் இருக்கும். இருந்தால் இன்னா இப்போ?

இரண்டு முறை சோறு வாங்கித் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன்.

17 ஆகஸ்ட்

ஆடி முடிந்த மறுநாளே சோனியா ஜாக்கெட்டோடு வந்துவிட்டாள். முதுகில் இரண்டு மயில், ஆரி ஒர்க். எனக்கு முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை.

"நீங்க குடுத்த அளவுதான அண்ணி?" என்றாள். சொல்லாதே என்பது போல அம்மா என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். "அது என் தங்கச்சியோடது. என் அளவு இதான்" என்று பீரோவிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் மோகன்ராஜ் போன் செய்தார். "கொஞ்சம் எளைச்சா உனக்கும் நல்லதுதான?"

"பொண்ணு பாக்க வந்தப்ப இதே உடம்புதான் உங்களுக்குக் காபி குடுத்துச்சு. அப்ப புடிச்சுதுல்ல? இப்ப புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

வைத்துவிட்டேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். ஐயோ, நிற்கக் கூடாது. ஆனாலும் நிற்கட்டும்.

18 ஆகஸ்ட்

அம்மா தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் போனும் வரவில்லை.

20 ஆகஸ்ட்

புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் மோகன்ராஜ் நின்றுகொண்டிருந்தார். கையில் அரக்குப் பட்டுத் துணி, ஒன்றரை மீட்டர். "நான் பேசனது தப்பு பூமி. நாலு கடை ஏறி எறங்கி இந்தக் கலர தேடிக்கினு வந்தேன்" என்றார். கோபம் பாதிதான் போனது. அதையும் சொன்னேன்.

அப்படியே ஹெலன் அக்கா தையல் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். மயில் வேண்டாம். கை மட்டும் தாராளமாக இருக்கட்டும் என்றேன்.

4 செப்டம்பர்

கல்யாணம் முடிந்தது. கையை நன்றாகத் தூக்கி மாலை போட்டேன். போட்டோவில் குண்டாகத்தான் இருக்கிறேன், சிரித்துக்கொண்டு.

28 செப்டம்பர்

அம்மா வீட்டுக்கு வந்தேன். தீபாவளிக்குத் தைக்க வேண்டும் என்று அம்மா என்னையும் ஹெலன் அக்கா கடைக்கு அழைத்துப் போனாள். அம்மா கொடுத்த அளவு ஜாக்கெட்டைப் பார்த்து ஹெலன் அக்கா சிரித்துவிட்டாள். "எந்தக் காலத்து அளவும்மா இது? கொக்கி மாட்ட முடியுதா?"

"மேல ரெண்ட மாட்டறதில்ல. முந்தானை மறைச்சுக்கும்" என்றாள் அம்மா.

ஸ்நேகா பிறந்ததிலிருந்து அப்படித்தானாம். இருபத்திரண்டு வருஷம். அம்மா தினமும் என் கண் முன்னால்தானே நடமாடினாள்?

அம்மா அந்த ஜாக்கெட்டை வாங்கிப் பைக்குள் போட்டாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். "டேப்ப வச்சி எடும்மா."

"நாற்பத்திநாலு" என்று ஹெலன் அக்கா சத்தமாகச் சொன்னாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அம்மா கையை இறக்கவில்லை.