நாற்பதாயிரம் பேர் பார்த்த வீடு

சாய்ந்தமருது
12.03.2025

அன்புள்ள ஷாஹினாவுக்கு,

ஸலாம். போனில் கதைத்தால் நோன்பு வாயால் ஏசிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் புருஷன் றிஸ்மி தன் போன் கடையின் பெயரில் தந்த தையல் மெஷினுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் அதை இறக்க வந்த கடைப் பொடியன்மார் என் வீட்டையும் படம் பிடித்து, கடை விளம்பரத்தோடு பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். பூசாத சுவர், கதவில்லாத அறை, எல்லாம். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்களாம்.

அதில் ஒருத்தி, மகள் ஹஸ்னாவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையின் உம்மா. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நம் ஊரில் கலியாணம் ஏது? ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் பூசி முடிக்கிறேன் என்றேன், அவர்களும் ஓம் என்றார்கள். நேற்று அந்த உம்மா ஒலுவிலில் இருந்து கோல் எடுத்தா. "ஊடு முடியாதது பரவாயில்ல புள்ள. உலகமே பாத்துச் சிரிச்ச ஊட்டுக்கு என்ட மகன எப்பிடி அனுப்புற?"

ஹஸ்னா ஸஹர் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. பிச்சை வேண்டாம், நாயைப் பிடி என்ற நிலைதான் எனக்கு. ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரியக்கூடாது என்று சேர்ந்து ஓதியவர்கள்தானே நாம்? றிஸ்மிக்கு வெட்கமில்லையா? வீடியோவை இன்றைக்கே அழிக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன்
றுமைஸா

கல்முனை
15.03.2025

அன்பு றுமைஸா,

வஅலைக்கும் ஸலாம். உன் கோபம் விளங்குது, ஆனால் அவரை ஏசாதே. அந்த வீடியோவுக்குப் பிறகு ஒரே கிழமையில் நூறு போனுக்கு மேல் தவணைக்குப் போயிருக்கிறது. எப்படி அழிப்பார்? இப்போது யாவாரம் அப்படித்தான் புள்ள.

உண்மையைச் சொல்கிறேன். கடையால் உதவி கொடுக்கிற பட்டியலில் உன் பெயரைப் போட்டது நான்தான். வீடியோவுக்கு மேலே 'ஆதரவற்ற விதவை' என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். அப்படிப் போட்டால்தானே ஆட்கள் நின்று பார்க்கிறார்கள்.

சுவரை நாங்களே பூசித் தருகிறோம். பூச முன்னும் பூசிய பின்னும் பொடியன்மார் வந்து படம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஷாஹினா

சாய்ந்தமருது
19.03.2025

ஷாஹினா,

மெஷினை உங்கள் கடைக்கே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். சுவர் பூச ஒருவரும் வர வேண்டாம்.

என் புருஷன் மௌத்தாகி நான் வெளியே போகாமல் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும், ஒருநாள் தவறாமல் வந்து பக்கத்தில் இருந்தவள் நீ. ஆதரவற்றவள் என்று எழுதும்போது, எனக்கு நீ இருக்கிறாய் என்பது உனக்கு ஞாபகம் வரவில்லையா?

வீடியோவை அழிக்க வேண்டாம். அன்றைக்கு நீ எழுதியது பொய். இப்போது சரி.

றுமைஸா