கால்நடை வைத்தியரின் ரத்தம்

மே 12

இன்று நாற்பத்தொரு பேர். ஆடுகளை மலைக்கு ஓட்டும் முன் மேய்ப்பர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டுகிறார்கள். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ரத்தநீர், ஒரு சொட்டு இளஞ்சிவப்புத் திரவம், நான்கு நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் கன்றுவீச்சு நோய்க்கிருமி எப்போதாவது உடம்புக்குள் போயிருந்தால், அதைப் பிடிக்க உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும். அது திரவத்திலுள்ள செத்த கிருமிகளைப் பற்றிக்கொண்டு மணல் மணலாகத் திரளும். இருபது வருடமாக இதே தட்டு. மணிக்கட்டு விண்விண் என்கிறது.

ஒன்று என் வீட்டுக்காரருடையது. பத்து நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல், சுருண்டு படுத்துவிடுகிறார். தட்டில் விட்டேன், முதல் நிமிடமே திரண்டது. எதிர்பார்த்ததுதான். துருஸ்பெக் கால்நடை வைத்தியர், இருபத்தாறு வருடமாக வெறுங்கையால் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தவர். கால்நடை வைத்தியர்கள் எல்லாருக்கும் எப்போதோ தொற்றியிருக்கும், ரத்தம் திரளும். அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம்: பெயருக்குப் பக்கத்தில் வைத்தியர் என்பதற்கு ‘வை’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்போம். மேற்கொண்டு சோதிப்பதில்லை. எழுதினேன்.

வீட்டில் சொன்னதற்குச் சிரித்தார். “எப்பவோ வந்த திருடனை நெனச்சு நாய் இன்னும் குரைக்குது. விடு, டீ ஊத்து.”

மே 13

தட்டு. தட்டு. தட்டு.

மே 29

காலையில் அவர் விரிப்பை எடுத்தேன், வேர்வையில் நனைந்து கனத்தது. இந்த வாரத்தில் நான்காவது தடவை. இடுப்பு வலிக்கிறதாம். குதிரையிலிருந்து இறங்கும்போது முனகியதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கே நிற்க முடியவில்லை.

என்கூட வேலை செய்யும் பர்ச்சின்தான் கேட்டாள். “அக்கா, அண்ணன் ரத்தத்தைக் குழாய்ல வச்சுப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“ஏன்க்கா?”

வைத்தியர் ரத்தம் என்றேன். அவளும் அந்த எழுத்தை நூறு தடவை எழுதியவள்தான்.

மே 12 ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. அதையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழாய் குழாயாக மேலும் மேலும் நீர்க்கச் செய்து, எதுவரை திரள்கிறது என்று பார்த்தோம். பழையது நூறு மடங்கு நீர்த்ததோடு நின்றுவிட்டது. இன்றையது எண்ணூறு மடங்கிலும் திரண்டது.

பழைய நோயின் எதிர்ப்பொருள் பதினேழு நாளில் இப்படி ஏறாது. கிருமி இப்போது உள்ளே உயிரோடு இருக்கிறது, உடம்பு அதற்காக ராப்பகலாகச் செய்து தள்ளுகிறது. அன்றைக்கே சந்தேகப்பட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேய்ப்பர் ரத்தமாக இருந்திருந்தால் பார்த்திருப்பேன். புருஷனுடையதை மூடிவைத்துவிட்டேன்.

மே 30

டாக்டர் பூருல் அக்கா ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். கூடவே இரண்டு வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. வீட்டில் நானே போட்டுவிடுவேன். ‘வை’ விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூன் 4

ஊசி. காய்ச்சல் குறைவு. ஒரு கிண்ணம் சூப் குடித்தார்.

ஜூன் 16

ஊசிகள் முடிந்து மூன்று நாள். காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. காலுறையை நான்தான் மாட்டிவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரேயில் இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பு ஒன்றின் ஓரம் அரித்திருக்கிறது. பூருல் அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார்: “மருந்து கேட்டிருக்கணும் சைரா. ஏன் கேக்கலன்னு புரியல. இப்படியே போனா நரம்பை அழுத்தும். அப்புறம் நடக்கறதே கஷ்டம்.”

ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, மூன்று வயதில் குதிரை ஏறியவர். நடப்பதே கஷ்டமாம்.

ஜூன் 19

மேய்ப்பர் ஜாப்பர் ரத்தம் கொடுக்க மலையிலிருந்து தாமதமாக வந்தார். கையைக் கட்டும்போது சாதாரணமாகக் கேட்டார்.

“தங்கச்சி, வைத்தியர் கண்ணு சரியாயிடுச்சா?”

“எந்தக் கண்ணு?”

“அதான், ஏப்ரல்ல எங்க குட்டிகளுக்குக் கண்ணுல தடுப்புமருந்து விட்டாரே. ஒரு குட்டி உதறுச்சு பாருங்க, மருந்து பூரா அவரு மூஞ்சில. ஆறின டீயில கழுவிட்டு மிச்ச எரநூறையும் முடிச்சிட்டுத்தான் எழுந்தாரு. நல்ல மனுசன்.”

ஊசியைக் குத்தாமல் நின்றிருக்கிறேன். “குத்துங்க தங்கச்சி, பயந்தவன் நானில்ல” என்றார்.

சாயங்காலம் வீட்டில்:

“மருந்து விடறப்ப போடற கண்ணாடி எங்க போச்சு உங்களுக்கு?”

“ஆவி படிஞ்சு மூடிக்கிச்சு. ஒண்ணும் தெரியல. கழட்டி வச்சேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“வருசா வருசம் புதுசா வர்ற பசங்களுக்குக் கண்ணாடி போடுன்னு வகுப்பெடுக்கறது யாரு? நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது” என்றார்.

கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். மூஞ்சியாம் மூஞ்சி — எலும்பு அரிச்சுக்கிட்டுக் கெடக்குது, இவருக்கு மூஞ்சி. அப்புறம் நான் எழுதிய எழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

“சரி விடு. ரெண்டு பேரும் ஒரே லட்சணம்தான்” என்றார்.

ஜூன் 20

ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே பூருல் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடையதையும். தடுப்புமருந்து என்றதும் அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அதுக்குள்ள இருக்கறது உயிருள்ள கிருமி. ஆட்டுக்குத்தான் அது சாது, மனுசனுக்கு இல்ல. அதோட அந்தக் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் உறைக்காது, அப்படிப் பொறுக்கி எடுத்து வளத்ததுதான் அது. ரெண்டு வாரமா நாம தண்ணியத்தான் குத்தியிருக்கோம். காய்ச்சல் கொஞ்சம் எறங்கினது மாத்திரையால, அது மட்டும் பத்தாது.”

வேறு மருந்து எழுதினார், மூன்று மாதத்துக்கு. தட்டில் திரளும்போது ஆட்டின் கிருமியா, தடுப்புமருந்தின் கிருமியா என்று எதிர்ப்பொருள் பிரித்துச் சொல்லாது. வாயுள்ளவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “அந்த ‘வை’ய நானும் பாத்திருக்கேன் சைரா. பாத்துட்டு, அப்படியே விட்டிருக்கேன். எத்தனை பேரோ.”

ஜூலை 3

காய்ச்சல் இல்லை. எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூலை 4

இல்லை.

ஆகஸ்ட் 2

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது என்று புலம்பல். மாத்திரையின் நிறம்தான் அது என்று நாலாவது தடவையாகச் சொன்னேன். புலம்ப ஆரம்பித்துவிட்டார், நல்லதுதான். ஆனால் இன்னும் தடியில்லாமல் கொல்லைக்குப் போக முடியவில்லை. தண்ணீர், மாடு, கரி, ஆஸ்பத்திரி எல்லாம் நான். நின்றுகொண்டே தூங்குகிறேன்.

செப்டம்பர் 24

குழாய்ச் சோதனை: இருநூறு. மாத்திரை முடிந்தது. தட்டில் இன்னும் திரள்கிறது, வருடக்கணக்கில் திரளுமாம். “அது நோய் இல்ல, ஞாபகம்” என்றார் பூருல் அக்கா. எண் இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

அக்டோபர் 30

எனக்கு முட்டி வலி. வேர்வை. பர்ச்சின் என்னையே பார்க்கிறாள். மாதக்கணக்கில் அவர் ரத்தத்தோடு புழங்கிய கை என்னுடையது.

நவம்பர் 1

இன்று பர்ச்சினிடம் கையை நீட்டினேன். தட்டை அவள்தான் ஆட்டினாள், என் மணிக்கட்டை நான் நம்பவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. நான்கு நிமிடம் முடிந்தும் இன்னொரு நிமிடம் ஆட்டச் சொன்னேன். இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருந்தது, ஒரு மணல்கூட இல்லை.

“ஒண்ணுமில்லக்கா” என்றாள். “நீங்க களைச்சுப் போயிருக்கீங்க, அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “அப்ப படு” என்றார்.

“மாட்டுக்குத் தீனி —”

“படுன்னேன்ல.”

படுத்தேன். சுவரைப் பிடித்து எழுந்தார். தடி கதவருகிலேயே சாய்ந்திருந்தது. கொல்லையில் அவர் காலடி கேட்டது, ஒன்று, நிறுத்தம், இன்னொன்று. எண்ண ஆரம்பித்தேன். எத்தனையில் தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை. விழித்தபோது மாடு கறந்தாகியிருந்தது.