ஒன்பதாம் நம்பர் சட்டை

நேற்று சாயங்காலம் கிளப் பையன்கள் புது ஜெர்சி மூட்டையை என் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் புதுத் துணியும் ரப்பர் எழுத்தும் சேர்ந்து ஒரு வாடை. நமக்குத் தெரிந்த ஜெர்சி வாடை இது இல்லை. நம்முடையது சேறும் வேர்வையும் எவனோ தடவிக்கொண்ட தைலமும். பழக்கமே இல்லாத இந்த வாடை எதற்காக உன்னைக் கொண்டுவந்து என் எதிரில் நிறுத்தியது என்று எனக்குப் புரியவில்லை.

"சப்ஸ்டிடியூட்டுக்கும் தனித்தனி சட்டை ணா. யாரும் யார்துயும் வாங்கிப் போட்டுக்க வாணாம்" என்றான் செயலாளர் பையன். இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியில் என் லைனில்தான் அவனுக்கும் வேலை. அப்புறம்தான் வந்த விஷயத்துக்கு வந்தான். "ஞாயித்துக்கெழம ஃபைனலு. சிறந்த இளம் ஆட்டக்காரர் கப்ப இந்த வருஷத்துலேர்ந்து உங்க கூட்டாளி அண்ணன் ஞாபகமா குடுக்கறோம். தொண்ணுத்தொண்ணுல அத்த வாங்கனவரு இல்ல? நீங்கதான் மேடையில அவரப் பத்திப் பேசணும்."

சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் எனக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. நீ அந்தக் கப்பை வாங்கினாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உன்னுடையதா, என்னுடையதா? இத்தனை வருடமாக எனக்கே விளங்காத ஒன்றை, ஊர் கூடிய இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் என்னவென்று பேசுவது? செத்துப்போயும் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

அந்த வருடம் எதுவுமே ஒழுங்காக நடக்கவில்லை. நம் போட்டி எப்போதும் மே மாதத்தில் நடக்கும். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை உலகமே அறியும். அதற்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் ஜீப் வந்து நின்றது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன நம்மை ஒருநாள் நிறுத்தி, "அதுக்குள்ள என்ன?" என்று கேட்டார் ஒரு ஏட்டு. "காத்து சார்" என்றாய் நீ. அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போட்டி ஆடி மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போய், கடைசியில் மழையில் வந்து மாட்டியது.

நம் டீமுக்கு இருந்தது பதினோரு சட்டைதான். வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுப்பான், உள்ளே போகிறவன் அதையே மாட்டிக்கொண்டு ஓடுவான். நம் பக்கத்து டீம்கள் எல்லாமே அப்படித்தான், ரெஃப்ரியும் கேட்க மாட்டார். நீயும் சென்டர் ஃபார்வர்டு, நானும் சென்டர் ஃபார்வர்டு. எவனை உட்கார வைத்தாலும் இன்னொருவன் முறைப்பான் என்று கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி உனக்கு. ஒன்பதாம் நம்பர் சட்டையை இடைவேளையில் ஈரத்தோடு உரித்து உன்னிடம் கொடுப்பேன். நீ ஒவ்வொரு தடவையும் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, குமட்டுவது போல நடித்த பிறகுதான் போட்டுக்கொள்வாய்.

ஃபைனல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து டீமோடு. மாதா கோயில் மைதானம் முழங்கால்வரை சேறு. முதல் பாதியில் இடது காலால் நான் ஒன்று அடித்தேன். கோல்கீப்பர் நகரவே இல்லை. இரண்டாம் பாதியில் நீ வலது காலால் ஒன்று. எனக்கு வலது கால் நிற்பதற்குத்தான் உதவும், உனக்கு இடது கால் அப்படி. மேடையில் பரிசுக்கு ஆள் பொறுக்க உட்கார்ந்திருந்தவர் சென்னையில் ஒரு கம்பெனி டீமின் கோச். அந்த வருடம் கப்போடு கூட, அதை வாங்குகிறவனைத் தன்னோடு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார். தேறினால் அந்தக் கம்பெனியிலேயே வேலை. நம் இரண்டு பேர் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பைவிட அதிகமாகப் புகைந்தது அந்தப் பேச்சுதான்.

ஆட்டம் முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். "ரெண்டு காலாலயும் இவ்வளவு சுத்தமா அடிக்கிற பையனை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஒன்பதாம் நம்பர், மேல வாப்பா" என்றார்.

ஒன்பதாம் நம்பர் இரண்டு பேர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் ஒரே ஒல்லி, ஒரே கடையில் வெட்டிய தலை, முகமெல்லாம் சேறு, நடுவில் மழை. சட்டை அப்போது உன் உடம்பில் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். "டேய், உன்னியா கூப்புடறாரு, என்னியா?" என்றாய். "சட்டை உன் மேலதான கீது, போ" என்றேன். நான் வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றேன். நீ மேலே போய்விட்டாய், மாலை விழுந்துவிட்டது, ஊர் கத்தியது. கேப்டன் விஷயத்தைச் சொல்லப் போவதற்குள் கோச்சின் கார் கிளம்பிவிட்டது.

நான் பொறாமைப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன். அதில் குழப்பமே இல்லை. மறுவாரம் நீ பெட்டியோடு சென்னைக்குப் பஸ் ஏறியபோது டாட்டா காட்டினேன், வயிறு எரிந்தது. எனக்குப் புரியாதது அதற்குப் பிறகு நடந்தது. பத்துப் பதினைந்து நாளில் நீ திரும்பி வந்தாய். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னாய். சாப்பாடு ஒத்துக்கவில்லை, கொசு, முட்டி வலி. நான் அப்போது மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். கீழாநெல்லியும் உப்பில்லாத கஞ்சியுமாக எனக்குப் பத்தியம். நீ பக்கத்தில் உட்கார்ந்து அதே கஞ்சியை உப்பில்லாமல் குடித்தாய். சென்னைச் சாப்பாட்டில் நிஜமாகவே வயிறு கெட்டுவிட்டது போல என்று நினைத்து உனக்காகப் பரிதாபப்பட்டேன்.

பிறகு நீ சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினாய், நான் ஷிப்டும் ஓவர்டைமுமாக இருந்தேன். அந்தக் கப்பு உன் வீட்டு ஷோகேஸில் மாதா படத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஒருமுறை, "பாதி என்னுதுடா" என்று விளையாட்டாகச் சொன்னேன். முழுக்க விளையாட்டு இல்லை. "கைப்புடி ரெண்டு கீது. ஒண்ண ஒட்ச்சி எட்த்துகினு போ" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம், பேச்சு அதோடு முடிந்தது. எத்தனையோ தடவை உன் ஆட்டோவில் முன்சீட்டில் ஒட்டி உட்கார்ந்து வந்திருக்கிறேன். அப்போதாவது நீ சொல்லியிருக்கலாம்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உன் மனைவி சொன்னாள். நான் ஷோகேஸைப் பார்த்தபடி, "இவன் மெட்ராஸ்லயே இருந்திருந்தா எங்கியோ போயிருப்பான்மா" என்றேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "உங்களக் கூட்டினு போவத்தான ணா வந்தாரு" என்றாள்.

"எங்க கூட்டினு போவ?" என்றேன். அவள் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள். சென்னையில் கோச் உன்னை இடது காலால் அடிக்கச் சொன்னாராம். நீ அடித்தது மூலைக் கொடிக்கம்பத்துக்குப் போனதாம். "அது நான் இல்ல சார், என் கூட்டாளி" என்று மொத்தத்தையும் சொல்லிவிட்டாயாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப அவனையும் கூட்டிட்டு இந்த மாசத்துக்குள்ள வா" என்று பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நீ வந்து பார்த்தபோது நான் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தேன்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா படுக்கையிலேர்ந்து எய்ந்து பஸ் ஏறிடுவான், உசுருக்கு ஆவாதுன்னாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அது மட்டும் இல்ல ணா. அவருக்குத் தனியாப் போவவும் பயம். அங்க எல்லாம் இங்லீசுல பேசறாங்கன்னு."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்தக் கோச் தேர்ந்தெடுத்த, இரண்டு காலாலும் அடிக்கிற அந்தப் பையன் நீயும் இல்லை, நானும் இல்லை. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. அவனுக்குக் கொடுத்த கப்பு உன் வீட்டில் இருந்தது, அவனுக்குக் கிடைக்க வேண்டிய வேலை யாருக்கோ போனது. அதுகூட எனக்கு இப்போது சரிதான். நீ எனக்காகத் திரும்பிப் போகாமல் இருந்தாயா, பயந்து இருந்தாயா? காலையில் ஒன்று தோன்றுகிறது, ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொன்று. எனக்காக என்றால் உன்மேல் ஆத்திரமாக வருகிறது. யார் கேட்டார்கள் உன்னை? நீயாவது போய்த் தொலைந்திருக்கக் கூடாதா? பயம்தான் என்றால் அதைவிட ஆத்திரம். பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்ல உனக்கு என்ன வெட்கம்? எனக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் பையன்களுக்கும் குழப்பம்தான் வரும். தொண்ணூற்றொன்றில் அந்தப் பரிசை வாங்கியவன் நீ என்று மட்டும் சொல்வேன். மனதார, வயிறு எரியாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். உன் முழுப் பெயரையும் உன் அப்பா பெயரோடு சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று செயலாளர் போனில் சொன்னான். அங்கேதான் தட்டுகிறது. இத்தனை வருடத்தில் நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன், யாரோ ஒருவனைச் சொல்வது போல இருக்கிறது. உன்னை நினைத்து வாயைத் திறந்தால் "டேய்" என்றுதான் வருகிறது.