தொண்ணூற்று நான்கும் உன் மீசையும்

நோட்டுப் புத்தகத்தை இன்று திறந்தேன். தொண்ணூற்று நான்கு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு செலோடேப். அதன் அடியில் உன் மீசையின் ஒரு கொத்து. டேப் பழுப்பேறிவிட்டது. மயிர் இன்னும் கறுப்பு.

ஜொகூர் பாருவில் நம் ஞாயிற்றுக்கிழமைகள். மாமாக் தேநீர்க்கடையின் கடைசி மேசை. ஈப்போவில் ஓடும் பந்தயக் குதிரைகளை உன் கைப்பேசியில் பார்ப்போம். ஓடிய நேரம், தூரம், சுமந்த எடை, தரையின் ஈரம். நான்கையும் சேர்த்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வேக எண். தரையைக் குறிப்பது என் வேலை. மற்றதெல்லாம் நீ. பணம் கட்டக்கூடாது என்பது உன் சட்டம். கட்டினால் பிடித்த குதிரைக்குக் கை தானாக இரண்டைக் கூட்டிவிடும் என்பாய்.

தே ஆத்துகிற அண்ணன் விடமாட்டார். "குதிரைக்கு மார்க்கு போடுற வாத்தியாருங்களே, ஒண்ணாச்சும் ஜெயிக்குமா?"

உன் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. தொண்ணூற்று நான்கு வாங்கிய பழுப்புக் குதிரையின் மேல் விரலை வைத்தாய்.

"மொத மூணுல வரலன்னா மீசைய எடுத்துர்றேன் லா."

எட்டாவதாக வந்தது.

நோட்டைப் பின்னால் புரட்டினாய். அந்தக் குதிரை முன்பு ஓடிய நாளில் எல்லாக் குதிரைக்குமே எண் அதிகம்.

"அன்னிக்கு அத்தனையும் சூரப்புலியா இருக்கே. தரை ஈரம்னு போட்டிருக்க. மழை எங்கடா பெஞ்சிச்சி?"

வாசலைக் காட்டினேன். "இங்கதான்."

ஈப்போவில் அன்று வெயில். நான் ஜொகூர் வானத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். உலர்ந்த தரையில் ஓடியவற்றுக்கு ஈரத்தில் வேகம் குறைவதற்கான சலுகையைக் கூட்டியிருந்தோம்.

மேசை குலுங்கச் சிரித்தாய். தவறு என்னுடையது, சவால் செல்லாது என்றேன்.

"கணக்கு ரெண்டு பேரோடது. மீசை மட்டுந்தான் என்னோடது."

பக்கத்து முடிதிருத்தகத்திலிருந்து மேலுதடு வெளுத்துத் திரும்பினாய். தே அண்ணன் ஆத்துவதை நிறுத்திவிட்டார். ஒரு கொத்தை நீயே நோட்டில் ஒட்டி, அடியில் எழுதினாய்: எங்கே மழை?

நீ போய் இரண்டு வருடம்.

நேற்று லாபிஸிலிருந்து உன் மனைவி அழைத்தார். நான் அனுப்பிய செய்திகளுக்கு மூன்று நாளாக ஏன் பதில் இல்லை என்ற கேள்வி என் வாய் வரை வந்தது.

"அங்க மழையா, தங்கச்சி?" என்றேன்.

மூன்று நாளாக அடைமழை, கரண்ட் இல்லை என்றார். பிறகு உன் மகளைப் பற்றிச் சொன்னார். எல்லாப் படத்திலும் இருக்கிற அப்பா மீசை, கல்யாணப் படத்தில் மட்டும் எங்கே போனது என்று கேட்கிறாளாம்.

என்னிடம் இருக்கிறது என்றேன்.