கறுப்பன் இல்லை என்றொரு காகிதம்

குர்ராம்பா பூர்வகுடி மிஷன்,
நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா
4 மார்ச் 1951

அன்புள்ள செசில் அண்ணாவுக்கு,

டோரீன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவை அடக்கம் செய்த அன்று, நீ இனி மிஷன் ஆள் இல்லை என்று மேனேஜர் உன்னைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நீ இனிக் கறுப்பன் இல்லை என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கினாயே, டவுனில் கேட்டபோதெல்லாம் காட்ட வேண்டிய அந்தக் காகிதத்தை இங்கே எல்லோரும் நாய் லைசென்ஸ் என்கிறார்கள். நானும்தான் சொன்னேன்.

இப்போது அதை நம்பித்தான் எழுதுகிறேன். நேற்று வெல்ஃபேர் அதிகாரி வந்து பெஸ்ஸியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு வயசாச்சு, வெளுப்பா இருக்கா. இங்க வளர வேண்டியவ இல்ல" என்று, நான் நிற்கும்போதே மேனேஜரிடம் சொன்னார். அவளை விடுதிக்குக் கொண்டுபோக அடுத்த மாதம் கார் வருமாம். காகிதம் இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் சட்டென்று நுழைய மாட்டார்கள். என் மகளை வைத்துக்கொள், அண்ணா.

உன் தங்கை,
எனிட்

14 மார்ச் 1951

அன்புத் தங்கை எனிட்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தக் காகிதத்தை ஏன் வாங்கினேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அது இல்லாமல் என் பிள்ளைகளை டவுன் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். மிஷன் ஆட்களைத் தங்கவைத்தால் அதைப் பிடுங்கிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரி எங்கள் வாசலையே பார்த்தபடி இருக்கிறாள். "பெஸ்ஸி இங்க வந்தா, நம்ம பிள்ளைங்களுக்கும் கார் வரும்" என்கிறாள் டோரீன்.

ஈஸ்டர் கழியட்டும். ஒரு வக்கீலைக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை கார் சத்தம் கேட்டால் பெஸ்ஸியை ஆற்றோர நாணலுக்குள் ஒளித்துவை.

உன் மேல் மாறாத அன்புடன்,
செசில்

குர்ராம்பா மிஷன்
2 ஏப்ரல் 1951

அண்ணா,

ஈஸ்டருக்கு முந்தின வியாழனே வந்துவிட்டார்கள். அவள் நாணலுக்குள்தான் இருந்தாள். போலீஸ்காரர் கரையில் நின்று, அன்பாகத்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இதோ இருக்கேன்" என்று அவளே எழுந்து வந்தாள். பெரியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியவள் நான்.

அவளை வைத்திருக்கும் விடுதிக்கு நடந்தே போனேன். கேட்டைத் திறக்கவில்லை. "காகிதம் இருக்கறவங்கதான் பாக்கலாம்" என்றாள் மேட்ரன்.

உன் மேல் எனக்கு ஆறாத கோபம். ஆனால் நீ போக வேண்டும். ஞாயிறு மதியம் பார்க்க விடுவார்கள். அங்கே அவளுக்கு மார்கரெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீ பெஸ்ஸி என்றே கூப்பிடு. நம் பாஷையில் பேசு, மேட்ரன் காதில் விழாதபடி. நான்தான் அவளைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். இல்லை என்று சொல்.

அவளைப் பார்த்த பிறகு எழுது. அதுவரை எழுதாதே.

எனிட்