சைலன்சர் அல்ல

பேராதனை
2007

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் மாமியும் சுகமென்று நம்புகிறேன்.

பெற்றோல் கார்ப் புகையிலிருந்து அமோனியாவை நீக்கும் என் வினையூக்கிக் குழாய் ஒழுங்காக வேலை செய்கிறது. குலுங்கினால் உள்ளிருக்கும் பீங்கான் உடையும் என்று சொல்லி, சோதிலிங்கம் ஆய்வுக் குழுவில் அதை மறித்துவிட்டார். நான் எதைச் செய்தாலும் அவருக்கு உடைந்துதான் விடும்.

ஆகவே மடவளை வாடகைக் கார்ச் சாரதி பாரூக்கின் காரில் பூட்டி ஓடிப் பார்த்தோம். சோதனைச் சாவடிச் சிப்பாய் குனிந்து, "இது என்ன?" என்றான். "சைலன்சர்" என்றார் பாரூக். அவனும் போகச் சொன்னான். பிழையான விளக்கத்தை நான் எப்படிப் பொறுப்பது? "இல்லை, இது அமோனியாவுக்கானது" என்று திருத்தினேன்.

அமோனியா என்றதும் வெடிமருந்தென்று நினைத்துவிட்டார்கள். குழாயை என்னையே கழற்றவைத்து, அதில் கயிறு கட்டி, தூரத்தில் நின்று வீதி நெடுக இழுத்தார்கள்.

"வாயப் பொத்திட்டு இரிக்க ஏலாதா சேர்?" என்று பாரூக் பல்லைக் கடித்தார்.

பின்னேரமே விட்டுவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளேயிருந்த பீங்கானில் ஒரு கீறலும் இல்லை! அதை எழுதித் தரும்படி சிப்பாயிடம் கேட்கப் போனேன். பாரூக் என்னைக் காருக்குள் இழுத்துவிட்டார்.

அயல்வீட்டுச் சண்டைகளை விடாமல் எழுதும். சாப்பிடும்போது வாசிக்க வேண்டும்.

பாரூக் ஹோர்ன் அடிக்கிறார். இன்று மடுல்கெல்ல வரை சோதனை ஓட்டம். என்னைப் பின் சீற்றில் படுக்கவைத்து, சாவடியில் யார் கேட்டாலும் பேச ஏலாத காய்ச்சல்காரன் என்று சொல்லப்போகிறாராம்.

அன்புடன்,
தேவராசா