அப்பா கண்ட பெரிய டாக்டர்

அன்புள்ள கண்மணிக்கு,

இங்கே நானும் நலம், பித்தப்பையைப் பறிகொடுத்த உன் அப்பாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்ப நான் நேற்றுப் பிறந்தவளில்லை, ஆனாலும் நலமாக இருப்பாய் என்றே எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் போனில் சொன்னேன், மற்றதெல்லாம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடியதில்லை.

வலியும் காய்ச்சலுமாகச் சேர்த்த அன்றே வார்டில் விசாரணையைத் தொடங்கிவிட்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் நீங்க டாக்டரா, இன்னும் படிக்கிறீங்களா என்று கேள்வி. ஹவுஸ் சர்ஜன் என்றால் படிப்பை முடித்துப் பயிற்சியில் இருப்பவர், அறுவைச் சிகிச்சையில் மேல்படிப்புப் படிக்கிறவர் ஏற்கெனவே முழு டாக்டர், இவர்களுக்கெல்லாம் பொறுப்பு தலைமை சர்ஜன் என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் கணக்கே வேறு. தலை எவ்வளவு நரைத்திருக்கிறது, பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள், அதுதான் பட்டம். அப்படித்தான் நரைத்த தலையும் டையுமாக வந்து நின்ற ஒருவரிடம் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, வலி வந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் மருந்துக் கம்பெனி ஆளுங்க, டாக்டரைப் பாக்கத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன் என்றார். உன் அத்தை வேறு துணைக்கு வந்திருந்தாள். அப்சர்வேஷனில் வைத்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னதற்கு, அப்சர்வேஷன்னா வைத்தியம் பண்ணாம சும்மா பாத்துக்கிட்டிருக்கறதுண்ணே என்றாள். நர்ஸ் வந்து நிலைமை ஸ்டேபிள் என்றதற்கு, தேறலேங்கறதை நாகரிகமா சொல்றாங்க என்று உரை எழுதினாள். மேல்படிப்பில் இரண்டாம் வருடம் இருக்கும் உன்னை, எங்க வீட்டுப் பொண்ணு பெரிய சர்ஜன் என்று இருவரும் சேர்ந்து வார்டு முழுக்கப் பரப்பியும் இருந்தார்கள்.

மறுநாள் தலைமை சர்ஜன் வந்து, பித்தப்பை சீழ் பிடித்துவிட்டது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து, மேல்படிப்பு டாக்டர் செய்வார், நான் கூடவே நிற்பேன் என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை அப்பா கீழே வைத்துவிட்டார். கத்துக்கறதுக்கு என் வயிறுதான் கெடச்சுதா என்றார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த டாக்டர் உன் வயதுப் பெண். கட்டிலருகே வந்து, பொய் சொல்ல மாட்டேங்க, கூட நின்னு நிறைய பண்ணியிருக்கேன், நானே பண்ணது கொஞ்சம்தான், சின்னச் சந்தேகம் வந்தாலும் சார் கைக்கு மாத்திடுவேன் என்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், உதடு காய்ந்திருந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்டியாம்மா என்றார். இன்னும் இல்லை என்றாள். எம் பொண்ணும் இப்ப எவன் கட்டில் பக்கத்துல நின்னு கெஞ்சிக்கிட்டிருக்காளோ, போய் மொதல்ல சாப்பிடு, பசியோட என்னை அறுக்காதே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமை சர்ஜன் கை வைக்க வேண்டிய தேவையே வரவில்லையாம். அதைக் கேட்டதும் உன் அத்தை, அப்பவே நான் சொன்னேனே என்றாள்.

உன்னை நம்பத் தயங்குகிறவர்களிடம் முகம் சுளிக்காதே. பயந்துபோய்க் கேட்கிறார்கள், உள்ளதை உள்ளபடி சொல். ஆபரேஷன் முடிந்ததும் உட்காருவதற்கு முன்னால் கதவைத் திறந்து வெளியே வா. அங்கே என்னைப்போல ஒருத்தி உன் முகத்தைப் பார்ப்பதற்காகவே நின்றுகொண்டிருப்பாள்.

நீ தொட்டதெல்லாம் ஆறட்டும்.

உன் கைராசியை நம்பும்
அம்மா